டாக்டரிடம் சொல்லாத கசாயம்

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாகவே தாக்குப்பிடிக்கிற செடி நித்தியகல்யாணி. ஆடு மாடு வாய் வைக்காது. பூ உதிர்ந்த பிறகு இலையையும் வேரையும் காயவைத்து மூட்டை கட்டினால் மருந்து வியாபாரிகள் எடைபோட்டு வாங்கிப் போவார்கள். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு உலகம் முழுக்க இரத்தக் குழாயில் ஏற்றப்படும் வின்கிரிஸ்டின் இந்த இலையிலிருந்து பிரித்தெடுக்கும் சரக்குதான். அதில் ஒரு கிராம் தேற நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்.

இந்தச் செடிக்கு மடகாஸ்கர் பூர்வீகம். ஜமைக்காவில் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். 1952-ல் அங்கிருந்து ஒரு சிறு பொட்டலம் இலை கனடாவிலிருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தது. எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றால் செத்தன. இலைச்சாறு எலும்பு மஜ்ஜையை முடக்கி, வெள்ளை அணுக்களை அழித்திருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் இரத்தப் புற்று என்றால், அதை அடக்கும் பொருள் இதற்குள் இருக்க வேண்டும் அல்லவா? சார்லஸ் பீர் என்பவருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டின். அதன் தங்கையான வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதனால்தான் "மூலிகைதானே, நல்லது செய்யலைன்னாலும் கெடுதல் செய்யாது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீரென்கிறது. எலியைக் கொன்றதும் குழந்தையைக் காப்பாற்றுவதும் ஒரே இலை. அளவும் நேரமும் உடன் சேரும் பொருளும்தான் வித்தியாசம். சர்க்கரைக்கென்று நித்தியகல்யாணிக் கசாயம் குடிக்கும் ஒருவருக்கு கீமோவும் நடந்தால், அணுக்கள் இரண்டு பக்கமும் அடிபடலாம். கசாயத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால், எண்ணிக்கை ஏன் இப்படி விழுந்தது என்று டாக்டர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இன்னும் நுட்பமான சிக்கல் கல்லீரலில் நடக்கிறது. அங்கே சிப் 3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது. வின்கிரிஸ்டின் உட்படப் பல புற்று மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலை அதனுடையது. பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் மாத்திரை அந்த நொதியைத் தடுத்துவிடும். அப்போது வின்கிரிஸ்டின் உடலில் தேங்கும். விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது, குடல் அசையாமல் வயிறு உப்பும். மிளகில் உள்ள பிப்பரினும் ஆய்வகச் சோதனைகளில் இந்த நொதியைத் தடுக்கிறது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளின் குர்குமினோடு வெறும் 20 மில்லிகிராம் பிப்பரினைச் சேர்த்துக் கொடுத்தார்கள். குர்குமின் இரத்தத்தில் சேர்வது சுமார் 20 மடங்கு கூடியது. ரசத்தில் போடும் மிளகைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். மஞ்சள்-மிளகுச் சாறு என்று செறிவூட்டி விற்கும் கேப்சூல்தான் கேட்டுச் சாப்பிட வேண்டியது.

கலந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கந்தகம் ஒரு மூட்டையில், பொட்டாசியம் குளோரேட் ஒரு மூட்டையில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. இரண்டையும் பட்டாசில் கலப்பது 1992 முதல் சட்டப்படி தடை. கலவையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த ஃபோர்மேனும் அறைக்குள் ஆளை விடமாட்டார்.

ஆனால் புற்றுநோய் வார்டில் அந்தத் தகவல் எளிதில் வருவதில்லை. சதுரகிரி அமாவாசைக்குப் போன உறவுக்காரர் வாங்கிவந்த பொடி, வாட்ஸ்அப்பில் வந்த முள்சீத்தா இலைக் கசாயம், நாட்டு மருந்துக் கடைச் சீந்தில் சூரணம். எல்லாம் அன்பினால் வந்தவை. திட்டு விழும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். "இதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று எரிந்து விழுந்தால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள். "கூட வேற கசாயம், லேகியம் ஏதாவது எடுக்கிறீங்களாம்மா? அதையும் கொண்டாங்க, பார்ப்போம்" என்று கேட்டால், மடியிலிருந்தே பொட்டலம் வெளியே வரும். சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ ஊசிக்கு முன்பே அது தெரிந்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்பதும் பதில் இல்லை. வின்கிரிஸ்டினால் வரும் மலச்சிக்கலுக்கு டாக்டர்களே எழுதித் தரும் சென்னா மாத்திரை, இதே மாவட்டத்து நிலாவாரை இலையின் சத்துதான். சோர்வுக்கு யோகா உதவுகிறது. அச்சம் வேறிடத்தில். அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், குணமாகக்கூடிய கட்டத்திலேயே வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேருக்கு, மற்றவர்களைவிட இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு இருந்தது. கசாயத்தைத் திட்டித் துரத்தும் டாக்டர், நோயாளியை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறார்.

கேள்வியை ஒரு தரம் கேட்டால் போதாது. முதல் ஊசியின்போது "ஒண்ணும் சாப்பிடல" என்று உண்மையாகவே சொன்னவருக்கு, மூன்றாவது ஊசிக்குள் முடி கொட்டியிருக்கும். பார்க்க வந்த நாலு பேர் நாலு பொட்டலம் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் இரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கும்போதே அதையும் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும்.