ஒளியை விழுங்காத ஆடி

மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒளி துளிகூட ஊடுருவாது. இதே அலுமினியத்தை, அந்தத் தாளின் கனத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான படலமாக்கி, ஒரு தொலைநோக்கியின் முகப்பில் ஜன்னலாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அந்தத் தொலைநோக்கி சூரியனைத்தான் பார்க்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அல்ல.

சூரியனைச் சூழ்ந்திருக்கும் கொரோனாவின் வெப்பநிலை பத்து லட்சம் டிகிரி அளவில் இருக்கிறது. அந்தச் சூட்டில் இரும்பு அணு தன் 26 எலெக்ட்ரான்களில் எட்டை இழந்துவிட்டு, 17.1 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இவ்வளவு குறுகிய அலைகளுக்கு அதீதப் புறஊதாக் கதிர்கள் என்று பெயர். செயற்கைக்கோள்களையும் மின் வழங்கலையும் தாக்கக்கூடிய சூரியப் புயல்கள் எங்கே கருக்கொள்கின்றன என்று காண இவற்றில்தான் படம் எடுக்க வேண்டும்.

இங்கேதான் தொல்லை. இக்கதிரின் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் எந்த அணுவிலிருந்தும் எலெக்ட்ரானை வெளியே தள்ளும் ஆற்றல் உண்டு. ஆகவே காற்று, கண்ணாடி, நீர் எல்லாமே இதை விழுங்கிவிடுகின்றன. காற்று விழுங்குவதால் வளிமண்டலத்துக்கு மேலே போக வேண்டும். கண்ணாடி விழுங்குவதால் லென்ஸ் உதவாது. ஆடியையாவது பயன்படுத்தலாமா? தட்டையான ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் சாய்வாக வீசினால் தத்தித் தத்திச் செல்லும். நேர் கீழே போட்டால் மூழ்கிவிடும். இக்கதிர்களும் அப்படித்தான். மிகச் சாய்வாகப் பட்டால் மீளும். நேராகப் பட்டால் சாதாரண வெள்ளி ஆடிக்குள் மறைந்துபோகும்.

மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வண்ணவண்ணமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் மீளும் அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் வண்ணம் அது. இதே குறுக்கீட்டை அதீதப் புறஊதாவுக்கும் பயன்படுத்தலாம் என்று 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எபர்ஹார்ட் ஸ்பில்லர் யோசனை சொன்னார். மாலிப்டினமும் சிலிக்கனும் மாறிமாறி அடுக்கப்படுகின்றன. ஓர் இணையின் கனம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. ஓர் எல்லைப் பரப்பு மட்டும் திருப்பி அனுப்புவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் கும்மியில் எல்லாக் கைகளும் ஒரே தாளத்தில் தட்டுவது போல, நாற்பது இணைகளிலிருந்து மீளும் அலைகள் முகட்டோடு முகடு பொருந்தினால், 13.5 நானோமீட்டரில் ஏறக்குறைய 70 சதவீதம் திரும்பி வந்துவிடும்!

ஏன் இந்த இரண்டு பொருள்கள்? அலை நாற்பதாவது அடுக்கு வரை போய்த் திரும்ப வேண்டுமே! தங்கமாக இருந்தால் முதல் சில அடுக்குகளிலேயே கதை முடிந்துவிடும். 12.4 நானோமீட்டரைவிட நீண்ட அலைகளால் சிலிக்கனின் உள் எலெக்ட்ரான்களை அசைக்க முடியாது. எனவே அது குறைவாகவே விழுங்குகிறது. மாலிப்டினமும் அதிகம் விழுங்குவதில்லை. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் சிலிக்கனிலிருந்து போதிய அளவு வேறுபடுகிறது. வேறுபாடு இல்லாவிட்டால் எதிரொளிப்பே இல்லை.

1987 அக்டோபர் 23 அன்று ஆர்தர் வாக்கர், ட்ராய் பார்பி குழுவினர் இத்தகைய ஆடிகளை ஒரு ராக்கெட்டில் அனுப்பி, கொரோனாவைத் தெளிவாகப் படம் பிடித்தார்கள். இன்று நுண்சில்லுகள் செய்யும் எந்திரங்களிலும் இதே ஆடிகள்தான். ஆனால் அங்கே ஒளி பத்து ஆடிகளில் பட்டுச் செல்வதாக வைத்துக்கொண்டு, 0.7ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். மூன்று சதவீதம்கூட மிஞ்சாது!

சரி, அந்த அலுமினிய ஜன்னல் எதற்கு? இந்த ஆடி கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் எதிரொளிக்கும். சூரியனிடமிருந்து வருவதில் அதுதானே மிகப் பெரும் பங்கு! அதைத் தடுக்காவிட்டால் மங்கலான கொரோனா அதில் மூழ்கிவிடும். அலுமினியம் காட்சி ஒளியைத் தடுத்து, 17 நானோமீட்டருக்கு மேல் சுமார் 80 வரையிலான அலைகளுக்கு வழிவிடுகிறது. அதற்குக் கீழே திடீரெனக் கதவை மூடிக்கொள்கிறது. நம் இரும்பின் 17.1 மயிரிழையில் தப்பியது என்று சொல்ல வேண்டும். 2010இல் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. விண்கலத்தில், 9.4, 13.1 நானோமீட்டர் அலைகளுக்கு அலுமினியம் உதவாது என்பதால் சிர்கோனியத் தகடு வைத்தார்கள்.

இந்த வடிகட்டிகளின் கனம் 150 நானோமீட்டர் அளவுதான். ஏவும்போது எழும் பேரிரைச்சலே இவற்றைக் கிழித்துவிடக்கூடும். ஓர் ஊசித்துளை விழுந்தாலும் போதும், காட்சி ஒளி உள்ளே பாய்ந்துவிடும். 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் தொலைநோக்கிக்கு 1998இல் அப்படி ஒரு கசிவு நேர்ந்தது. உள்ளே வேறு வடிகட்டிகளும் இருந்ததால் அது தொடர்ந்து பணியாற்றியது.

கிழியாமல் தாங்குவதற்காகப் படலத்தை மெல்லிய நிக்கல் வலையின்மேல் பரப்புகிறார்கள். சூரியனில் பெரும் வெடிப்பு நிகழும்போது எடுத்த எஸ்.டி.ஓ. படம் ஒன்று கிடைத்தால் உற்றுப் பாருங்கள். வெடிப்பிடத்திலிருந்து பெருக்கல் குறி போலக் கோடுகள் விரிந்திருக்கும். அவை சூரியனில் இல்லை. அந்த நிக்கல் வலையின் கம்பிகள் ஒளியைச் சிதறடித்து வரைந்தவை.