கிதாரைக் கைக்கு இணக்குதல்

இசைக்கருவி பயிலத் தொடங்கி இடையிலே கைவிட்டாரை நோக்கி, "உனக்குக் கை வரவில்லை" என்று உலகம் எளிதிற் சொல்லிவிடும். கை வரவில்லையோ, கருவி வரவில்லையோ என்று ஆராய்வார் மிகச் சிலரே. கிதார் பயிலும் இளைஞர் திறத்திலே இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. விரல்நுனி வெந்து, மூன்றாந் திங்களிலே கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடுவார் பலர். அவருட் பெரும்பாலார் தோற்றது இசையினிடத்தன்று, திருத்தப்படாத கருவியினிடத்தேயாம்.

திருவள்ளூர் மாவட்டத்திலே பள்ளிப்பட்டு வட்டத்தைச் சார்ந்த பொதட்டூர்பேட்டை நெசவிற் பெயர்பெற்ற ஊர். அங்கே பாவு அளவிறந்து இறுகினால் நூல் அறும். தளர்ந்தாலோ நாடா ஓடும் வழி தெளிவுறத் திறவாது. தறி இடர்ப்படுத்துமாயின் நெசவாளர் முதலிற் பாவையும் விசையையும் சோதித்துத் திருத்துவரேயன்றி, நெய்பவன் கையைப் பழித்துக்கொண்டிரார். இத்தெளிவு கிதார் பயில்வார்க்கும் வேண்டும். அத்தகைய ஊரில் ஒருவர் வாங்கிய கிதார் தம்பி தங்கையர்க்கும் வழிவழியே உதவுகின்றது. அதனைப் பழுதுபார்க்கச் சென்னைக்கு எடுத்துச் செல்வதெனில் ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். ஆதலின் தாமே செய்து கொள்ளத்தக்கது எது, வல்லுநர் கையிற் கொடுக்கத்தக்கது எது என்று அறிந்திருத்தல் பெரும்பயன் தரும்.

கருவியை இசைக்குமுன் இணக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்தர், கோடு, திவவு, நரம்பு என யாழின் உறுப்புக்களைப் பகுத்துணர்ந்தோர் நம் முன்னோர். யாழ்வாசிப்பில் எண்வகைத் தொழில்களைக் கூறும் சிலப்பதிகாரம், 'பண்ணல்' என்பதையே முதற்கண் வைக்கின்றது. பாடக் கருதிய பண்ணிற்கேற்ப நரம்புகளை வீக்கி நிறுத்துதலே பண்ணலாம். இவ்வுண்மைகளை விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளிவந்த தம் 'யாழ்நூ'லில் விரிவாக ஆராய்ந்தனர். தஞ்சாவூர் வீணையையும் நோக்குக. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வீணையின் 24 மெட்டுக்கள் மெழுகிற் பதிக்கப்பட்டவை. காலப்போக்கில் மெழுகு நெகிழ, மெட்டுக்கள் நிலைமாறும். வல்லுநர் மெழுகை இளக்கி அவற்றை மீண்டும் பதிப்பர். கிதாரின் மெட்டுக்களோ மரத்தில் அறைந்து இறுக்கப்பட்டவை. அவற்றை நகர்த்தல் இயலாது. எனவே அதன் திருத்தம் வேறு மூன்றிடங்களில் நிகழ்தல் வேண்டும்.

அவ்விடங்களாவன: தண்டியின் வளைவு, தலைப்புறத்துள்ள 'நட்', குதிரைமேலுள்ள 'சாடில்' என்பன. 'நட்' என்பது தந்திகள் பள்ளங்களிற் படிந்து செல்லும் சிறு குறுக்குத் துண்டு. 'சாடில்' என்பது குடத்தின்மேல் ஒட்டிய குதிரையிற் செருகப்பட்ட எலும்புத் துண்டு அல்லது பிளாஸ்டிக் துண்டு. இவ்விரண்டற்கும் இடையே தந்தி மெட்டுக்களுக்குமேல் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்பதையே கிதார் வல்லார் 'ஆக்‌ஷன்' என்பர்.

உயரம் மிகின் விரல் நோவது ஏன்? தந்தியைக் கீழிறக்க வேண்டும் வலி இரண்டனைப் பொறுத்தது: தந்தியின் இழுவிசை ஒன்று, அழுத்துமிடம் முனைக்கு எவ்வளவு அண்மையது என்பது மற்றொன்று. நட்டிலிருந்து சாடில் வரை 648 மி.மீ. நீளமுள்ள கிதாரில் முதல் மெட்டு நட்டிலிருந்து ஏறக்குறைய 36 மி.மீ. தொலைவில் உள்ளது. மிக மெல்லிய முதல் எஃகுத் தந்தியின் இழுவிசை சற்றேறக்குறைய 10.5 கிலோ எனக் கொள்வோம். அத்தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டிலே 1 மி.மீ. இறக்க 65 கிராம் அளவு வலி போதும். முதல் மெட்டிலே அதே 1 மி.மீ. இறக்கவோ 300 கிராம் அளவு வேண்டும். முனைக்கு அண்மையில் தந்தி வளைந்து கொடாமையே காரணம். நட் உயர்ந்த கருவியில், ஒரே விரலால் ஆறு தந்திகளையும் முதல் மெட்டில் அடக்கும் 'எப்' சுரக்கூட்டு மாணவர்க்குக் கூற்றாய் நிற்பது இதனாலேயாம். மேலும், தந்தியை மிக அழுத்துங்கால் அது நீண்டு இறுகுதலின், சுருதியும் சற்று உயர்ந்து பிழைபடும். ஆகவே உயரமிகுதி விரலையும் செவியையும் ஒருங்கே வருத்துவதாம்.

திருத்தத்திற்கு ஒரு முறையுண்டு. எழுத்துணராமற் சொல்லும், சொல்லுணராமற் பொருளும் விளங்கா என்பது போல, இங்கும் முன்னது அமைந்த பின்னரே பின்னதிற் கைவைத்தல் வேண்டும்.

முதலாவது, தந்தி. பழந்தந்திகளைக் களைந்து, கருவிக்குரிய புதியவற்றைப் பூட்டிச் சுருதி சேர்த்துக் கொள்க. 0.012 அங்குலக் கனத்தில் தொடங்கும் எஃகுத் தந்தித் தொகுதி கருவியை 70 கிலோவிற்கு மேற்பட்ட விசையால் இழுக்கும், 0.010 அங்குலத்தில் தொடங்குவது ஏறக்குறைய 60 கிலோவால் இழுக்கும். இம்மாற்றம் ஒன்றே தொடக்க மாணவர் துன்பத்தைப் பெரிதுங் குறைக்கும். நைலான் தந்திக்கென அமைந்த கிதாரில் எஃகுத் தந்தியைப் பூட்டுதல் மட்டும் ஒருகாலும் தகாது. நைலான் தொகுதியின் இழுவிசை 40 கிலோ அளவினதே, அதற்கென மெலிதாகச் செய்த மேற்பலகை எஃகின் விசையைத் தாங்காது உப்பும், குதிரையும் பெயரும்.

இரண்டாவது, தண்டி. தந்தி நடுவிடத்திலே மிக அகன்று அதிரும்; அதற்கு இடந்தரத் தண்டி மிகச் சிறிதளவு குழிந்திருத்தல் வேண்டும். எஃகுத் தந்திக் கிதார்களிற் பலவற்றின் தண்டிக்குள்ளே 'டிரஸ் ராட்' என்னும் இரும்புக் கோல் உண்டு. கிப்சன் நிறுவனத்தைச் சார்ந்த தாடியஸ் மக்ஹ்யூ, திருகித் திருத்தத்தக்க இக்கோலுக்கு 1923-இல் காப்புரிமை பெற்றனர். ஆறாந் தந்தியை முதல் மெட்டிலும், தண்டி குடத்தோடு கூடும் பதினான்காம் மெட்டிலும் ஒருங்கே அழுத்துக. அப்பொழுது தந்தி ஒரு நேர்கோலாகும். ஏழாம் மெட்டிற்கும் தந்திக்கும் இடையே 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி காணப்படின் நன்று. தனிக்கருவி வேண்டுவதில்லை, எழுதும் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஆதலின், ஒருதாள் அல்லது இருதாள் நுழையுமளவே அளவென்க. இடைவெளி மிகின், கோலின் முனையை நோக்கி நின்று வலஞ்சுழியாகத் திருகுக, தண்டி நிமிரும். இடைவெளியே இல்லையாயின் இடஞ்சுழியாகத் தளர்த்துக. ஒருமுறைக்குக் காற்சுற்றே எல்லை; பின் சுருதி சேர்த்து மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். திருகு இணங்காதாயின் வலிந்து திருகற்க. கோல் முறிந்தாற் கருவியின் விலையினும் மிகுதியான செலவு நேரும்.

மூன்றாவது, நட். தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தி, முதல் மெட்டின்மேல் நோக்குக. அங்கே தாளின் கனத்தினும் குறைந்த, மயிரிழையன்ன இடைவெளி இருத்தல் சாலும். மிகுதியாயின் பள்ளத்தை அத்தந்தியின் கனத்திற்கேற்ற மெல்லரத்தால் ஆழப்படுத்துவர். ஓரிழை மிகினும் திறந்த தந்தி கறகறக்கும். நட்டையே மாற்ற நேரும். ஆதலின் இது பயிற்சியுடையார் செய்தற்குரியது.

நான்காவது, சாடில். பன்னிரண்டாம் மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள உயரத்தை அளவுகோல் கொண்டு அளந்தறிக. எஃகுத் தந்திக் கிதாருக்கு ஆறாந் தந்தியில் 2.4 மி.மீ., முதல் தந்தியில் 1.6 மி.மீ. என்னும் அளவைப் பெரும்பான்மையோர் கொள்வர். நைலானுக்கு முறையே 4 மி.மீ., 3 மி.மீ. அளவு வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நட்டநடுவில் உள்ளது. ஆதலின் அங்கே ஒரு பங்கு தாழ்த்தச் சாடிலில் இரு பங்கு குறைத்தல் வேண்டும். ஆறாந் தந்தி 3.2 மி.மீ. உயர்ந்திருப்பதாகக் கொண்டால், மிகுதி 0.8 மி.மீ.; சாடிலிற் குறைக்க வேண்டுவது 1.6 மி.மீ. என்பது பெறப்படும். தந்திகளைத் தளர்த்திச் சாடிலை உருவி, அதன் அடிப்புறத்தே பென்சிலாற் கோடிட்டு, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் நேராகத் தேய்க்க. அடி சமமாய் இராவிடின் ஒலி மழுங்கும். கோட்டை அணுகுமுன் நிறுத்தி, பூட்டிப் பார்த்தல் அறிவுடைமை. தேய்த்ததை மீட்டுச் சேர்த்தல் யார்க்கும் ஆகாது. சாடில் குதிரைக்குமேல் நீண்டு நில்லாதபடி தேய்ந்துவிடுமாயின், தந்தி அதனை அழுத்தும் சரிவு குன்றி ஓசையும் குன்றும்.

இறுதியாக, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டி ஆராய்க. எங்கும் கறகறவென்னும் ஓசை எழுமாயின் உயரம் மிகத் தாழ்ந்தது. ஒரே மெட்டில் மட்டும் எழுமாயின் மெட்டுக்கள் சமமாய் இல்லை. அது வல்லுநர் வேலை. பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் இன்னோசையும், அவ்விடத்தே அழுத்தி எழுப்பும் ஓசையும் ஒத்திருப்பின் சுருதி செவ்விதாயிற்றெனத் துணிக.

இவ்வளவும் செய்தபின்னும் கருவி மாறக் காண்பீராயின் வியவற்க. மரம் காற்றின் ஈரத்தை உண்ணும் இயல்பினது. ஐப்பசி கார்த்திகை மழையிலே மேற்பலகை ஈரம் ஏற்று உப்பும், குதிரை எழும், தந்தியும் உயரும். சித்திரை வைகாசி வெயிலிலே பலகை வறண்டு தாழும். மெட்டுக்களின் முனைகள் மரத்திற்குப் புறம்பே நீண்டு விரலைக் கீறும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் கிதாருக்கு உகந்தது என்பர். ஆகவே தகரக் கூரையின் கீழும், ஈரச் சுவரோரத்தும் கிதாரைத் தொங்கவிடாது, பெட்டியுள் வைத்துக் காத்தல் வேண்டும். மழைக்காலத்து உயரத்தைக் கண்டு சாடிலைத் தேய்த்தவர் கோடையிற் கறகறப்பைக் கேட்டு வருந்துவர். மழைக்கொன்றும் கோடைக்கொன்றுமாக இரண்டு சாடில் வைத்துக்கொள்வாரும் உளர். புதியது சில நூறு ரூபாயளவிற் கிடைக்குமாதலின், பழையதைத் தேய்க்காது பேணி, புதியதைத் தேய்த்தல் சிறந்த முறை.

குதிரை பெயர்ந்து பின்னே இடைவெளி தோன்றினும், மேற்பலகை மிக உப்பினும், தண்டி குடத்தோடு கூடுமிடம் சாய்ந்துவிடினும் மேற்கூறிய திருத்தங்கள் பயன்படா. அந்நோய்க்கு மருத்துவர் வேறு. சாடிலைத் தேய்த்து அதனை மறைத்தல் காய்ச்சற்காரனுக்குப் போர்வை போர்த்துவதை ஒக்கும்.

பயிற்சியால் விரல்நுனி தடிப்பதும், தொடக்கத்திற் சிறிது நோவு தோன்றுவதும் இயல்பே. அதனை எக்கருவியும் முற்றும் நீக்காது. ஆயினும் உழைப்பால் வெல்லத்தக்க நோவு வேறு. அளவுகோலும் உப்புத்தாளும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் நீக்கத்தக்க நோவு வேறு. பின்னதைப் பொறுத்துக் கொள்வது பொறுமையன்று, அறியாமையே. எனவே, கிதார் வாசிக்க வரவில்லை என்று கருவியைத் திருப்பித்தரும் தம்பியரைக் காணின், அவர் விரலைப் பழிக்குமுன் பன்னிரண்டாம் மெட்டின் உயரத்தை அளந்தறிக. அவ்வளவு நான்கு மி.மீ. என வருமாயின், திருத்த வேண்டுவது எது என்பது தானே விளங்கும்.