தெளிந்த நீரிலும் நஞ்சு உண்டு

சிதறால் மலையடிவாரத்தில் வீட்டுக்கொரு கிணறு இருப்பது வழக்கம். அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசுமுன் வங்காளத்து விஞ்ஞானி ஒருவரின் பணியை விவசாய அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆய்வுத் துறையை வளர்த்தவர் டாக்டர் தீபங்கர் சக்கரவர்த்தி. இரசாயன விஞ்ஞானியான அவர் 2018-இல் காலமானார். மேற்கு வங்கத்தில் குளத்து நீரால் காலராவும் பேதியும் பரவியதால், மக்களைக் குழாய்க் கிணறுகளுக்கு மாற்றினார்கள். தண்ணீர் பளிங்கு போல வந்தது. நெல்லுக்கும் அதுவே பாய்ந்தது. ஆனால் 1983-இல் தோல் மருத்துவர் டாக்டர் கே.சி. சாகாவிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் உடலில் கரும்புள்ளிகள் இருந்தன. உள்ளங்கையும் பாதமும் தடித்துக் காய்த்திருந்தன. காரணம் ஆர்சனிக். நம் பெரியவர்கள் பாஷாணம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த நஞ்சு. ஆலைக் கழிவன்று, இமயமலையிலிருந்து வந்த வண்டல் மண்ணிலேயே உள்ளது. நிறமோ மணமோ சுவையோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

சக்கரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகச் சென்றார். தண்ணீரை மட்டுமல்ல, மக்களின் முடி, நகம், சிறுநீர் ஆகியவற்றையும் சோதித்தார். அவருடைய குழு மேற்கு வங்கத்தில் சோதித்த நீர் மாதிரிகள் 1,40,000-க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ பாதியில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவை ஆர்சனிக் தாண்டியிருந்தது. பெருஞ்செலவில் அமைத்த ஆர்சனிக் நீக்கும் சாதனங்கள் பல சரிவர வேலை செய்யவில்லை என்பதையும் அவர் குழு எடுத்துக் காட்டியது. இது பலருக்குக் கசந்தது. திறந்த கிணறு, குளம், மழைநீர் ஆகியவற்றைச் சுத்தம் செய்து பயன்படுத்துவதே மேல் என்பது அவர் வாதம். எனக்கு இதுவே அவருடைய பணியில் முக்கியமாகப் படுகிறது.

நமது செம்பாறை மண் அந்த வண்டல் அன்று. நம் கவலை வேறு. ஒரே புரையிடத்தில் கிணறு, மாட்டுத் தொழுவம், கக்கூஸ் குழி மூன்றும் நெருங்கி இருக்கின்றன. செம்பாறையின் துளைகள் வழியாகக் கழிவு எளிதில் இறங்கிவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். ரப்பர் பால் உறைய வைத்த ஆசிட் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டக் கூடாது. யூரியாவை அளவுக்கு மேல் இட்டால் நைட்ரேட் ஊறி இறங்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இதுவும் கொதிக்க வைத்தால் போவதில்லை.

கிருமிகளுக்கு பிளீச்சிங் பவுடர் போதும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர். சுமார் 24 கிராம் தூள் தேவை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் வேறு வாளியில் வடித்து, கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குக. மாலையில் போட்டால் காலையில் இறைக்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் இதைத் தவறாமல் செய்க. நைட்ரேட்டை அறிய, சுத்தமான பாட்டிலில் நீர் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம்.