குடியைத் தவிர்ப்போர்க்கு ஊக்கத்தொகை: சென்னையில் நடந்த ஒரு பரிசோதனை

குடிப்பழக்கத்தினின்று மீள்வோர்க்குப் பணம் அளிப்பது தகுமா என்னும் வினா முதற்கண் நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் 1990-க்குப் பின் வந்த ஆண்டுகளில், அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழுவினர், கோக்கேன் பழக்கமுடையோரின் சிறுநீரில் அம்மருந்து காணப்படாதபோதெல்லாம் பண்டங்களாக மாற்றத்தக்க சீட்டுகளை வழங்கி நற்பயன் கண்டனர். 2011 முதல் அந்நாட்டின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலும் இம்முறை புகுத்தப்பட்டது.

நம் நாட்டைப் பொறுத்தவரை, சென்னையில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுவோர் 229 பேரைக் கொண்டு பிராங்க் ஷில்பாக் என்னும் பொருளியல் அறிஞர் நடத்திய மூன்று வாரப் பரிசோதனை கருதத்தக்கது. அதன் முடிவுகள் 2019-இல் வெளியாயின. அவர்கள் நாள்தோறும் மாலையில் வந்து மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதினர். ஒரு பிரிவினர்க்கு, குடித்திருப்பினும் இல்லாவிடினும், 90 ரூபாய் தரப்பட்டது. பிறிதொரு பிரிவினர்க்கோ குடித்து வந்தால் 60 ரூபாய். குடியாது வந்தால் 120 ரூபாய்.

பணம் பெற்றும் குடியை அவர்கள் அறவே விட்டாரல்லர். பெரும்பாலும் குடிக்கும் நேரத்தை இரவுக்குத் தள்ளிவைத்தனர். அருந்திய மொத்த அளவு மிகுதியாகக் குறையவில்லை. ஆனால் பகலில் தெளிவோடிருந்ததனால் அவர்களது சேமிப்பு ஏறத்தாழ 50 சதவிகிதம் உயர்ந்தது! மேலும், நிபந்தனையற்ற தொகையை விடுத்து, குடியாதிருந்தால் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும் தொகையைப் பலர் தாமே தேர்ந்தெடுத்தனர். ஏழுமலையானுக்கு நேர்ந்த காசை மஞ்சள் துணியில் முடிந்து, அவசரத்திலும் தொடாது காக்கும் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தார்க்கு இம்மனநிலை விளங்காததன்று.

இதனை லஞ்சம் எனல் பொருந்தாது. குடியின் இன்பம் உடனே கிட்டுகிறது. அதன் கேடோ மெல்ல வருகிறது. குடியாமையின் பயனையும் அன்றைக்கே கையில் தருவதே இம்முறையின் சூட்சுமம். ஆகவே தொகை சிறிதாயினும் தாமதமாகலாகாது. சோதனையும் ஐயத்துக்கிடமின்றி நடைபெறல் வேண்டும். தொகை நின்றபின் பயன் தேய்வதும் உண்டு. எனவே மருத்துவத்துக்கும் அறிவுரைக்கும் இது துணையேயன்றி மாற்றன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும் ஒன்றை மறத்தலாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில நாட்களுக்குள் கைந்நடுக்கமும், வலிப்பும், சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே இடர் நேரக்கூடும். அத்தகையோர்க்குப் பரிசு காட்டி நிறுத்தச் செய்யாது, முதலில் திருப்பதி ரூயா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்கு அவர்களை அனுப்புதல் வேண்டும்.