வக்கீலாகத் தமிழ் போதும், வகுப்புக்குள் நுழையப் போதாதா?



சிவகங்கைச் சீமையிலே ஒக்கூர் என்று ஓர் ஊர். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரைத் தன் மகள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர். இருக்கின்ற ஒரே மகனையும் போர்க்களத்துக்கு அனுப்பிவைத்த தாயைப் பாடியவர் அந்தப் பெருமாட்டி.

அந்த ஊரிலே இன்று ஒரு கூலித் தொழிலாளியின் மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியிலே தமிழ்வழியில் படித்தவள். நிலத் தகராறிலே அப்பா வாய்தா வாய்தாவாக அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள். "நானே வக்கீலாவேன்" என்கிறாள். நல்ல ஆசை. ஆனால் எந்த வாசல் வழியே நுழைவாள்?

ஒரு வாசல் காரைக்குடியிலே இருக்கிறது. 2022-ல் அங்கே அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். தனி நுழைவுத் தேர்வு கிடையாது.

மற்றொரு வாசல் திருச்சியிலே. தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். நமது சட்டமன்றம் 2012-ல் இயற்றிய சட்டத்தால் பிறந்தது; 2013-ல் வகுப்புகள் தொடங்கின. பெயரிலே தமிழ்நாடு இருக்கிறது. ஆனால் வாசலின் சாவி தமிழ்நாட்டிடம் இல்லை! அது 'கிளாட்' என்னும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்விலே இருக்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அதை நடத்துகிறது.

அந்தத் தேர்வு எப்படிப்பட்டது? 2025 சேர்க்கைக்கு நடந்ததைப் பாருங்கள். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. நீண்ட நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்ல வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். கணக்குக் கேள்விக்குக்கூட முதலில் ஆங்கிலப் பத்தியைத் தாண்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய்; தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளோருக்கு 3,500. நாள் கூலி 400 ரூபாய் என்று கணக்கிட்டாலும், விண்ணப்பம் போடவே ஏறக்குறைய பத்து நாள் உழைப்பு! பயிற்சி நிலையச் செலவு இதில் சேரவில்லை.

"இது தகுதியைச் சோதிக்கும் தேர்வு" என்பர் சிலர். எந்தத் தகுதியை? நியாயம் எது, அநியாயம் எது என்று பகுத்தறியும் தகுதியையா? அல்லது ஆங்கிலத்தை வேகமாகப் படிக்கும் பழக்கத்தையா? முன்னதே நோக்கமென்றால், அதைத் தமிழிலும் கேட்கலாமே!

"ஆங்கிலம் இல்லாமல் சட்டம் படிக்க முடியுமா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆங்கிலம் வேண்டாம் என்று யார் சொன்னது? உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் அது தேவை. ஐந்தாண்டு படிக்கும்போது கற்றுக்கொள்ளட்டும். கற்கப் போகிறவளிடம், கற்று முடித்துவிட்டு வா என்பதுதான் முறையா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். சட்டப் பட்டம் பெற்றவர் வக்கீல் தொழில் நடத்த, இந்திய பார் கவுன்சில் நடத்தும் அகில இந்திய பார் தேர்விலே தேறியாக வேண்டும். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்! நம் கீழ்க் கோர்ட்டுகளிலே தமிழிலே வழக்காடலாம். தொழிலுக்குத் தமிழ் போதும். கோர்ட்டுக்குத் தமிழ் போதும். நுழைவதற்கு மட்டும் தமிழ் போதாதாம்! மருத்துவத்துக்கான நீட் வினாத்தாள்கூடத் தமிழில் கிடைக்கும்போது, சட்டத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தீண்டாமை?

நியாயத்துக்காக ஒன்றை ஒப்புக்கொள்வோம். 2008-க்கு முன் ஒவ்வொரு தேசியச் சட்டப் பள்ளியும் தனித்தனித் தேர்வு நடத்திற்று. மாணவர்கள் ஊர் ஊராக அலைந்தனர். கிளாட் அந்த அலைச்சலைக் குறைத்தது, உண்மை. ஆனால் யாருடைய அலைச்சலை? பத்துத் தேர்வு எழுத வசதி படைத்தவனின் அலைச்சலை! ஒன்றைக்கூட எழுத வழியில்லாதவளுக்கு அதனால் கிடைத்தது என்ன?

பிளஸ் டூ மதிப்பெண்ணும் பழுதற்ற தராசு அல்ல. ஆனால் அந்தத் தேர்வை அவள் தன் ஊர்ப் பக்கத்திலேயே, தன் மொழியிலே, தான் படித்த பாடத்திலிருந்து எழுதுகிறாள். அதனால்தான் 1984-ல் பொறியியல், மருத்துவத்துக்கு வந்த மாநில நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2007-ல் சட்டம் போட்டு நீக்கியது.

தேர்வு நடத்துவோராவது பிழையற்றவர்களா? 2024 டிசம்பரில் நடந்த கிளாட்டின் விடைகளே தவறு என்று வழக்கு எழுந்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றமே அவர்களின் அலட்சியத்தைக் கண்டித்து வருந்தியது. அவர்கள் பிழைக்குத் திருத்தம். நம் பிள்ளை பிழைக்குக் கால் மதிப்பெண் தண்டம்!

நாம் கேட்பது சலுகை அல்ல. வினாத்தாள் தமிழிலும் வரட்டும். கட்டணம் கூலிக்காரனின் கைக்கு எட்டட்டும். நம் வரிப்பணம் நடத்தும் திருச்சி நிலையத்திலே, நம் பள்ளி மதிப்பெண்ணுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

அதுவரை நமக்கும் வேலை உண்டு, தோழர்களே. பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுத் திண்ணையிலே போய் உட்காருங்கள். காரைக்குடிக் கல்லூரியைப் பற்றிச் சொல்லுங்கள். விண்ணப்பத் தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ஒக்கூர்ப் புலவர் பாடிய தாய், மகனைக் களத்துக்கு அனுப்பினாள். இன்றைய தாய் மகளைக் கோர்ட்டுக்கு அனுப்பத் தயாராக நிற்கிறாள். வாசலைத் திறக்கச் சொல்வது நம் கடமை!