என்பின் கதை – 9: இறால் ஓடும் காலின் உழைப்பும்

முறிந்த என்பு தானே பொருந்திக்கொள்ளும் அற்புதத்தைச் சென்ற வாரம் விவரித்தோம். ஆயினும் விபத்திலோ, கட்டியை அகற்றும் சத்திர சிகிச்சையிலோ, சில அங்குல நீளத்துக்கு என்பே இல்லாமற் போய்விடுமாயின், அந்த இடைவெளியை நிரப்பும் சக்தி சரீரத்துக்கு இல்லை. நோயாளியின் இடுப்பென்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைப்பதே வைத்தியர்கள் இன்றும் முதலில் நாடும் மார்க்கம்; எடுத்த இடம் பல காலம் நோகும், எடுக்கக்கூடிய அளவும் சொற்பம். என்பு படர்ந்து வளர ஒரு சாரக்கட்டைச் செய்து உள்ளே வைக்கலாமே என்னும் எண்ணம் இந்தச் சங்கடத்திலிருந்தே பிறந்தது.

அந்தச் சாரக்கட்டுக்கு வேண்டிய திரவியங்களைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கற்பிட்டிக்கு அப்பால் கடலுக்குள் பரந்து கிடக்கும் முருகைக்கற் பாரைப் புத்தளத்து மீனவர் நன்கறிவர். முருகைக்கல் சிலவற்றின் நுண்துளைகள் மனித என்பின் துளைகளை அளவிலும் அமைப்பிலும் ஒத்திருப்பதைக் கண்ட டெல்லா ரோய் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள், அக்கல்லைப் பொஸ்பேற்றுக் கரைசலில் இட்டு உயர் அழுத்தத்தில் சூடேற்றினால், துளைகளின் வடிவம் மாறாமலே சுண்ணக்கல் என்பின் கனிப்பொருளாக மாறிவிடுகிறதென 1974இல் காட்டினார்கள். முறை நேர்த்தியானதுதான், எனினும் 1998ஆம் ஆண்டுக் கடல் வெப்பத்தால் வெளுத்து மடிந்து, மெல்ல மீள முயன்ற பாரொன்றை மருந்துக்கென உடைக்கலாம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல் தோண்டுவதை 1988ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்தாயிற்று; வைத்தியத்தின் பெயரால் அந்தக் கதவை மறுபடி திறக்க வேண்டாம்.

இறால் ஓட்டின் விஷயம் வேறு. சிலாபம் முதல் புத்தளம் வரை களப்போரங்களில் 1980களில் பெருகிய இறால் பண்ணைகளின் அறுவடை ஏற்றுமதிக்குப் போகும்போது, தலையும் ஓடும் கழிவாக எஞ்சுகின்றன. அந்த ஓட்டை அமிலத்தில் இட்டுச் சுண்ணத்தையும், காரத்தில் இட்டுப் புரதத்தையும் நீக்கினால் எஞ்சுவது கைற்றின்; அதனை வலிய காரத்தில் மேலும் காய்ச்சினால் கைற்றோசன் என்னும் பொருள் கிடைக்கிறது. வினாகிரியில் உள்ள அமிலத்திலேயே கரையக்கூடிய இதனைக் கரைத்து, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினால், பனித்துகள் இருந்த இடமெல்லாம் துளையாகி, கலங்கள் குடியேறத்தக்க பஞ்சு ஒன்று உருவாகிறது. நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் என்ற நொதியம் சரீரத்தினுள்ளும் இருப்பதால், தன் வேலை முடிந்த பின் அந்தப் பஞ்சு மெல்லச் சிதைந்து மறைந்துபோகிறது.

இனி, அந்தச் சாரக்கட்டில் ஏற்றிவைக்கும் மருந்து. என்பை உண்டாக்கும் சக்தி என்பினுள்ளேயே உறைகிறதென்று மார்ஷல் யூரிஸ்ற் 1965இல் காட்டினார். அச்சக்தியைத் தரும் புரதத்தைக் கொலாஜின் பஞ்சில் ஊறவைத்து முதுகெலும்புச் சிகிச்சைக்குப் பயன்படுத்த அமெரிக்கா 2002இல் அனுமதித்தது. பஞ்சு புரதத்தை விரைவில் விட்டுவிடும். ஆகவே மிகையாக, மில்லிகிராம் கணக்கில் வைக்க நேர்ந்தது. கழுத்துப் பகுதியில் வைத்தபோது சிலருக்கு உயிருக்கே ஆபத்தான வீக்கம் கண்டதால், 2008இல் அந்நாட்டு அதிகாரிகளே எச்சரிக்கை விடுத்தனர். கொஞ்சங் கொஞ்சமாக, வாரக்கணக்கில் மருந்தை விடும் சாரக்கட்டு ஏன் வேண்டுமென்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

ஆனால் பொருளும் மருந்தும் மாத்திரம் என்பாகிவிடா. என்பு உழைப்பால் உருவாவது. பாரம் தாங்கும் விதத்துக்கு ஏற்ப என்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறதென யூலியஸ் வூல்ஃப் 1892இல் எழுதினார். பாரமே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பென்பு மாதந்தோறும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் தேய்வது அதற்குப் பிரத்தியட்ச உதாரணம். காலூன்றும்போது என்பினுள் இருக்கும் மிக நுண்ணிய கால்வாய்களில் திரவம் நகர்கிறது. அந்த நகர்ச்சியை உணரும் கலங்களே, இங்கே கட்டு, அங்கே கரை என்று ஏனைய கலங்களுக்குத் தூதனுப்புகின்றன. 2002இல் அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தார், எலி மச்சையின் கலங்களைத் தைத்தேனிய வலையில் இட்டு, அதனூடே போஷாக்குத் திரவத்தை ஓடவிட்டபோது, ஓட்டத்தின் வேகம் கூடக்கூடக் கனிப்பொருளின் படிவும் கூடியது. அசையாத திரவத்தில் வளர்த்தால் சாரக்கட்டின் நடுவிலுள்ள கலங்கள் பட்டினியால் மடிவதும் உண்டு.

மருந்தையும் உழைப்பையும் இணைத்த பரிசோதனை ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றுக் களியில், இரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதத்தைச் சேர்த்து, அக்களியை மீண்டும் மீண்டும் அமுக்கியபோது புரதம் அதிகமாக வெளிப்பட்டதென்று டேவிட் மூனி குழுவினர் 2000இல் அறிவித்தனர். காலின் அசைவே மருந்தை வழங்கும் கையாகவும் ஆகலாம் என்பதே அதன் சூட்சுமம். இரத்தம் வந்து சேராத இடத்தில் என்பு நிலைக்காதாகையால், குழாய் வளர்வதும் என்புக்கு இன்றியமையாதது.

அசைவையும் மருந்தையும் ஒருங்கே பயன்படுத்தும் இந்த முயற்சிகளிற் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுகூடத்தையும் பிராணிகளையும் தாண்டவில்லை. உடப்பிலோ முந்தலிலோ வள்ளத்திலிருந்து விழுந்து தொடையென்பை முறித்துக்கொண்டவருக்கு இன்றைக்குக் கிடைப்பது உலோகத் தகடும் கம்பியுமே. அவரிடம் வைத்தியர், இன்னின்ன நாளில் இவ்வளவு பாரத்தைக் காலில் ஊன்றிப் பழகும் என்று சொல்லும்போது, நோவுக்கு அஞ்சிப் படுத்தே கிடக்காமலும், அவசரப்பட்டு அளவை மீறாமலும், சொன்னபடியே ஊன்றுமாறு வீட்டார் அவருக்குத் துணைநிற்க வேண்டும்.