அளவையே அடித்தளம்

தில்லியின் சாணக்யபுரி, இந்தியா விடுதலை பெற்ற பின்னர்ப் பிற நாட்டுத் தூதரகங்களுக்காக உருவாக்கப்பட்ட பகுதியாகும். தமிழ்நாடு இல்லமும் இங்குதான் உள்ளது. இங்குள்ள ‘சாந்தி பத்’ என்னும் அகன்ற சாலை நெடுந்தொலைவு நேராகச் செல்கிறது. இத்தகைய சாலையை அமைப்பதற்கு முன்னர் நிலத்தை அளந்தாக வேண்டும். நிலத்தின் நீளம், கோணம், உயரம் ஆகியவற்றை அளந்து வரைபடமாக்கும் கலையே நில அளவை. கட்டுமானப் பொறியியல் கற்கும் மாணவர் முதலில் பயிலும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

அளவை தவறினால் என்ன நேரும்? மழைநீர் வடிகால் ஒன்று 100 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் தாழ வேண்டும் எனக் கொள்வோம். உயரத்தைத் தவறாகக் குறித்து, தாழ வேண்டிய முனையை உயர்த்திவிட்டால், மழைநீர் ஆற்றை நோக்கி ஓடாது. வீடுகளை நோக்கித் திரும்பும். தாளில் நேர்ந்த சிறு பிழை ஒரு தெருவையே மூழ்கடிக்கும்.

இக்கலையைக் கற்பிக்க 1794ஆம் ஆண்டு சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் தோன்றிய அந்நில அளவைப் பள்ளியில் முதலில் பயின்றவர்கள் 8 மாணவர்களே. பயிற்சி பெற்ற அளவையாளர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதைவிட, இங்குள்ள இளைஞர்களுக்கே கற்பிப்பது எளிது என அன்றைய ஆட்சியினர் கருதினர்.

பள்ளி தோன்றிய 8 ஆண்டுகளில் சென்னையில் மாபெரும் அளவைப் பணி ஒன்று தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்பவர் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடித்தளக் கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி அளந்தமையால், இதனை முடிக்க 57 நாள்கள் ஆயின.

ஒரே ஒரு கோட்டை அளக்க இத்தனை நாள்கள் ஏன்? முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்தடுத்து முக்கோணங்களை அமைக்கலாம். இதுவே முக்கோண அளவை. முதற்கோடு பிழையானால் அதன்மேல் அமையும் முக்கோணங்கள் அனைத்தும் பிழையாகும். இவ்வாறு தெற்கிலிருந்து வளர்ந்த முக்கோணச் சங்கிலி பின்னாளில் இமயமலை வரை சென்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரமும் இப்பணியின் வழியாகவே கணக்கிடப்பட்டது.

1808ஆம் ஆண்டு இப்பணிக்குப் பெரும் இடர் நேர்ந்தது. தஞ்சைச் சமவெளியில் மலைகள் இல்லாமையால் கோணங்களை அளக்கப் பெரிய கோயிலின் விமானம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவி ஏறத்தாழ 500 கிலோ எடையுடையது. அதனை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் பணியைக் கைவிடவில்லை. வளைந்த வட்டத்தைத் தம் கைகளாலேயே சிறிது சிறிதாகச் சீர்படுத்தினார். அளப்பவர் தம் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

8 மாணவர்களுடன் தோன்றிய அளவைப் பள்ளி 1859இல் பொறியியல் கல்லூரியானது. 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாக விளங்குகிறது. கேரளத்தைச் சேர்ந்த பி.கே. திரேசியா இக்கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்று 1944இல் பட்டம் பெற்றார். பின்னர் 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

இன்று பத்தாம் வகுப்பை முடித்தவர்கள் பாலிடெக்னிக் கல்லூரியில் சேர்ந்து மூன்றாண்டுப் பட்டயப் படிப்பாக இத்துறையைக் கற்கலாம். பட்டயம் பெற்றோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு. சங்கிலிக்கு மாற்றாக இப்போது ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்னும் கருவி பயன்படுகிறது. அது ஒளிக்கற்றையை அனுப்பி, முப்பட்டகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது.

கருவிகள் மாறினாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. களப் பதிவேட்டில் எழுதிய எண் தவறாயின் மாணவர் அதனை அழித்தல் கூடாது. ஒரு கோடிட்டு அடித்து, சரியான எண்ணை அதன்மேல் எழுத வேண்டும். தவற்றை மறைக்காமல் திருத்துவதே அளவையாளரின் முதற்பாடம்.

சொற்பொருள்
இடர் – துன்பம்
சான்று – ஆதாரம்
விமானம் – கருவறைக்கு மேல் அமைந்த கோபுரம்
பட்டயம் – டிப்ளமோ

வினாக்கள்
1. சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டதன் காரணம் யாது?
2. அடித்தளக் கோட்டை மிகக் கவனமாக அளப்பது ஏன்?
3. களப் பதிவேட்டில் தவறான எண்ணை ஏன் அழித்தல் கூடாது? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.